கத்தி முந்தியது, ரத்தம் பிந்தியது

நாஞ்சில் நாட்டில் வைத்தியம் – 11

நெய்யூர் ஆஸ்பத்திரியின் தொடக்கக் கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். 1838-ல் லண்டன் மிஷன் சார்பில் ஆர்ச்சிபால்ட் ராம்சே வந்தார். சில ஆண்டுகளிலேயே விலகிப் போனார். 1852-ல் வந்த சார்லஸ் லீச், இரண்டே ஆண்டில் முட்டம் கடலில் குளிக்கப் போய் மூழ்கி இறந்தார். 1861-ல் வந்த ஜான் லோ என்பவர்தான் காலூன்றியவர். உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் சொல்லிக்கொடுத்து, சுற்று வட்டாரத்துக்கு ஆள் தயார் செய்தார். அவருக்குப் பின் தாம்சன், ஃப்ரை, ஃபெல்ஸ், பென்டால் என்று வரிசை நீள்கிறது.

இவர்கள் எல்லாரும் கத்தி பிடித்தவர்கள். அறுத்தால் ரத்தம் போகும். போன ரத்தத்துக்கு என்ன செய்தார்கள்?

ஒன்றும் செய்யவில்லை. செய்வதற்கு ஒன்றும் இல்லை. குளோரோஃபார்ம் 1847-ல் எடின்பரோவில் வந்துவிட்டது. லிஸ்டரின் கார்பாலிக் அமிலம் 1860-களில் வந்துவிட்டது. வலி தீர்ந்தது, சீழ் குறைந்தது. ரத்தம் மட்டும் இன்னும் அரை நூற்றாண்டுக்குமேல் பிந்தித்தான் வந்தது. அறுவை மருத்துவத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இடைவெளியை அதிகம் பேசுவதில்லை. எனக்கோ நெய்யூர்க் கதையின் நடுநாடியே இந்த இடைவெளிதான் என்று தோன்றுகிறது.

1908-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் நெய்யூர் மருத்துவர்கள் இருவர் எழுதிய கட்டுரைகள் அடுத்தடுத்து வெளியாயின. ஒன்று ஃபெல்ஸ் எழுதியது: வாய்ப்புற்று நோயாளிகளுக்குச் செய்த 209 அறுவைகளின் கணக்கு. இன்னொன்று பென்டால் எழுதியது: திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோயாளிகளின் தொகுப்பு. வெற்றிலையோடு புகையிலையும் சுண்ணாம்பும் சேர்த்துக் கன்னத்தில் அடக்கி வைக்கும் பழக்கத்துக்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள உறவை உலகுக்குச் சொன்ன முதல் கட்டுரைகளில் இவை சேரும். இன்றும் வாய்ப்புற்று ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள்.

நான் அவற்றை வேறொரு கண்ணோடு பார்க்கிறேன். கன்னத்திலும் நாக்கிலும் தாடையிலும் ரத்தக்குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. பல் பிடுங்கினாலே வாய் நிறைந்துவிடும். அங்கே கட்டியோடு சேர்த்துத் தாடையின் ஒரு பகுதியை எடுப்பதென்றால் எவ்வளவு ரத்தம் போகும் என்று எண்ணிப்பாருங்கள். ரத்தம் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் அதுவே எமன். எனவே அக்கால அறுவை நூல்கள் சொன்ன வழி, முதலில் கழுத்தைத் திறந்து, முகத்துக்குப் போகும் தமனியைக் கட்டிவிடு, பிறகு வாயில் கத்தி வை என்பது. அடுத்தது வேகம். கடிகாரத்தைப் பார்த்து அறுத்த காலம் அது. முடிந்தபின் உப்புநீர் ஏற்றுவார்கள். தொடையின் தோலுக்கடியில் பெரிய ஊசியைக் குத்திச் சொட்டவிடுவதும் உண்டு, ஆசனவாய் வழியே செலுத்துவதும் உண்டு. உப்புநீர் குழாயை நிரப்பும், உயிர்க்காற்றைச் சுமக்காது. அந்த 209 பேருக்கும் இதுதான் கிடைத்திருக்கும். ரத்தம் ஏற்றும் முறை அன்று லண்டனிலேயே பழக்கத்துக்கு வந்திருக்கவில்லை.

இத்தனைக்கும் சாவி ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. வியன்னாவில் கார்ல் லேண்ட்ஸ்டைனர் 1901-லேயே மனித ரத்தத்தில் வகைகள் இருப்பதைக் காட்டிவிட்டார். தன்னோடு வேலை செய்தவர்களின் ரத்தத்தை ஒருவரது அணுக்கள், இன்னொருவரது தெளிநீர் என்று மாற்றி மாற்றிக் கலந்தார். சிலவற்றில் ஒன்றும் ஆகவில்லை. சிலவற்றில் அணுக்கள் திரண்டு கட்டிக்கொண்டன. அதற்குமுன் மனித ரத்தம் ஏற்றப்பட்டுச் சிலர் பிழைத்ததற்கும் பலர் செத்ததற்கும் விளக்கம் இந்தச் சோதனையில் இருந்தது. ஆனால் அறுவை அறைக்கு அது வந்து சேர நாளாயிற்று. நியூயார்க்கில் ரூபன் ஒட்டன்பெர்க் 1907-ல்தான், ஏற்றுமுன் இருவர் ரத்தத்தையும் கலந்து பார்க்கும் வழக்கத்தைத் தொடங்கினார். இன்று ஆஸ்பத்திரியில் 'கிராஸ் மேட்ச் பண்ணணும்' என்கிறார்களே, அதன் பிறப்பு அதுதான். 1914-15-ல் சோடியம் சிட்ரேட் சேர்த்தால் ரத்தம் உறையாது என்று கண்டார்கள். அதற்குமுன் கொடுப்பவரின் தமனியை ஏற்பவரின் சிரையோடு நேரடியாகத் தைத்தும் ஏற்றினார்கள்.

இதற்கு நடுவே நம் பக்கத்து மனிதர்களின் உடம்பையும் பார்க்க வேண்டும். அறுவை மேசையில் ஏறியவர்களில் பலர் ஏற்கெனவே ரத்தம் குறைந்தவர்கள். காரணம் கொக்கிப்புழு. ஈரமண்ணில் கிடக்கும் அதன் குஞ்சு வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறிக் குடலில் போய்த் தொங்கி ரத்தம் உறிஞ்சும். தோப்பிலும் வயலிலும் வெறுங்காலோடு நடந்த ஊர் இது, மழைக்கும் குறைவில்லை. 1920-களின் இறுதியில் ராக்பெல்லர் நிறுவனத்தின் டாக்டர் ஜாகாக்ஸ் திருவிதாங்கூருக்கு வந்து பொதுச் சுகாதாரத் துறையை ஒழுங்குபடுத்தியபோது கொக்கிப்புழு ஒழிப்பு முதல் வேலைகளில் ஒன்றாக இருந்தது. கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெளுத்துக் கிடக்கும் ஆளை மேசையில் கிடத்தினால், சாதாரணமாகத் தாங்கக்கூடிய ரத்தப்போக்கும் அவருக்குத் தாங்காது.

இந்த மண்ணுக்குத்தான் தியோடர் ஹோவர்ட் சாமர்வெல் வந்தார். இங்கிலாந்தின் கெண்டலில் ஷூ செய்து விற்ற குடும்பம். வெறுங்காலால் ரத்தம் இழந்த மக்களிடம் காலணி வியாபாரியின் மகன் வந்து சேர்ந்தது ஒரு வேடிக்கைதான். 1922 எவரெஸ்ட் முயற்சியில் இருந்தவர். அந்த மலையேற்றம் பனிச்சரிவில் ஏழு ஷெர்பாக்களைப் பலிகொண்டு முடிந்தது. அதன்பின் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டு நெய்யூருக்கு வந்தார். அங்கிருந்த டாக்டர் ப்யூ தனியாளாக, ஓய்ந்துபோன நிலையில், வாசலில் காத்துக்கிடந்த கூட்டத்தோடு மல்லாடுவதைக் கண்டார். லண்டனில் காத்திருந்த பெரிய பதவியை உதறிவிட்டு இங்கேயே வந்துவிட்டார். 1924-ல் விடுப்பு எடுத்து மீண்டும் எவரெஸ்ட் போய், ஆக்சிஜன் உருளை இல்லாமல் 28,000 அடியளவுக்கு ஏறினார். அதே குழுவில் இருந்த மல்லோரி கடைசி ஏற்றத்துக்கு எடுத்துப்போன கேமராவும் இவர் கொடுத்ததுதான் என்பார்கள். நமக்கு அவர் மலையேறி என்பதைவிட வயிற்றறுவைக்காரர்.

ஆனால் அவருடைய இன்னொரு முற்பிறப்பு முக்கியம். 1916 ஜூலையில் பிரான்சின் சோம் போர்முனையில் ராணுவ அறுவை மருத்துவர். எதிர்பார்த்ததைப்போலப் பல மடங்கு காயம்பட்டோர் வந்து புல்வெளியில் ஏக்கர் கணக்கில் கிடந்தார்கள். யாரைத் தூக்குவது, யாரை விடுவது என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை. தன்னை முந்தித் தூக்கச் சொல்லி ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பதைத்தான் அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அப்போது பிரிட்டிஷ் படையில் ரத்தம் ஏற்றுவது அபூர்வம். மறு ஆண்டு, 1917-ல், ஆஸ்வால்ட் ராபர்ட்சன் என்ற மருத்துவர் போர்முனையில் ஐஸ் பெட்டியில் ரத்தப் புட்டிகளைச் சேர்த்து வைத்தார். உலகின் முதல் ரத்தச் சேமிப்பு அதுவே. அதே போரில் கையடக்க ரத்தமேற்றும் கருவி செய்து பயன்படுத்தியவர் ஜெஃப்ரி கெய்ன்ஸ், மல்லோரியின் நண்பர், பொருளாதார நிபுணர் கெய்ன்ஸின் தம்பி. ரத்தமேற்றுதல் பற்றி பிரிட்டனின் முதல் பாடநூலை அவர் வெளியிட்டது 1922-ல். சாமர்வெல் முதல்முறை எவரெஸ்ட் முயன்ற அதே ஆண்டு. ஆகச் செய்முறை தெரிந்த தலைமுறையின் ஆள்தான் நெய்யூருக்கு வந்தவர்.

தெரிந்தால் போதுமா? ரத்தத்துக்கு ஆள் வேண்டும், வகை பார்க்கத் தெளிநீர் வேண்டும், வைத்துக்கொள்ளக் குளிர்ப்பெட்டி வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும். குத்தி எடுத்த ரத்தம் திரும்ப ஊறாது என்ற பயம் வீட்டுக்கு வீடு. இவற்றில் ஒன்று குறைந்தாலும் பாடநூல் அலமாரியில்தான் இருக்கும்.

நெய்யூரில் குவிந்த நோய் குடற்புண். சிறுகுடலின் தொடக்கத்தில் புண். மரச்சீனிக் கிழங்கும் மீனுமாக வயிறு கழுவிய ஏழைகளிடம் அது ஏன் இவ்வளவு என்று சாமர்வெல்லும் அவருடைய சகா இயன் ஆரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். உணவுக் குறைபாடே காரணம் என்று சந்தேகப்பட்டார்கள். 1936-ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சர்ஜரியில் இருவரும் எழுதிய நீண்ட கட்டுரை நெய்யூரை உலகின் வயிற்றறுவை வரைபடத்தில் ஏற்றியது. கிருமிதான் முதல் குற்றவாளி என்று ஆஸ்திரேலியாவில் கண்டுபிடிக்க 1982 ஆகிவிட்டது.

குடற்புண்ணின் பயங்கரம் அது ரத்தக்குழாயை அரித்துவிடுவது. ஆள் கறுப்பாக மலம் கழித்து, ரத்தமாக வாந்தி எடுத்து, வியர்த்து விறுவிறுத்து வருவார். ரத்தம் கையில் இருந்தால் ஏற்றி நிறுத்தி நிதானமாக அறுக்கலாம். இல்லாதவருக்கு எளிய அறுவைதான் நல்லது. நெய்யூரில் பெருமளவு நடந்தது இரைப்பையைச் சிறுகுடலோடு இணைக்கும் மாற்றுவழி அறுவை. இரைப்பையை வெட்டி எடுப்பதைவிட அதில் ரத்தச்சேதம் குறைவு. 1945-ல் சாமர்வெல் இன்னொரு யோசனையை வெளியிட்டார். இரைப்பையை எடுக்க வேண்டாம், அதற்கு ரத்தம் கொண்டுவரும் தமனிகளைக் கட்டிவிட்டால் அமிலம் சுரப்பது குறையும் என்பது அது. மேற்கே அது நிலைக்கவில்லை. ஆனால் அந்த யோசனை எங்கே பிறந்தது என்று பார்த்தால் பொருள் புரிகிறது. ரத்தத்தைச் சிக்கனம் பிடித்தே கை பழகிய ஊரில் பிறந்தது. இது என் ஊகம்தான், ஆனாலும் விடமாட்டேன்.

போர்கள் ரத்தத்தை ஒழுங்குபடுத்தின. 1937-ல் சிகாகோவில் 'ரத்த வங்கி' என்ற பெயர் வந்தது. 1940-ல் லேண்ட்ஸ்டைனரும் வீனரும் ஆர்எச் காரணியைக் கண்டார்கள். இரண்டாம் உலகப் போரின்போது கல்கத்தாவில் செஞ்சிலுவைச் சங்கம் ரத்த வங்கி நடத்தியது. சாமர்வெல் 1949-ல் வேலூர் சி.எம்.சி.க்குப் பேராசிரியராகப் போனார். 1961 வரை இருந்தார்.

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ல் தமிழகத்தோடு சேர்ந்தது. ரத்தம் விஷயத்தில் நெடுநாள் திருவனந்தபுரத்தோடுதான் இருந்தது. நெய்யூரும், வடசேரியில் சால்வேஷன் ஆர்மியின் கேதரின் பூத் ஆஸ்பத்திரியும் கைவிட்டால், 'மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டு போங்க' என்பார்கள். மெடிக்கல் காலேஜ் என்றால் 1951-ல் தொடங்கிய திருவனந்தபுரம் கல்லூரி. இல்லையென்றால் 1965-க்குப் பின் திருநெல்வேலி ஐகிரவுண்டு கல்லூரி. இரண்டும் நாகர்கோவிலிலிருந்து எழுபது, எண்பது கிலோமீட்டர். பிரசவத்தில் ரத்தம் போகிறவளுக்கு அந்தத் தூரம் என்ன கணக்கு என்று சொல்லவேண்டியதில்லை. ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2001-ல்.

பழைய ரத்தம் கண்ணாடிப் புட்டியில் வந்தது. ரப்பர்க் குழாயும் ஊசியும் கழுவிக் கொதிக்கவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்பட்டன. ஏற்றிய அரைமணியில் நோயாளி கிடுகிடுவென்று நடுங்குவது அன்று சகஜம். கழுவியதில் மிஞ்சிய கிருமிக் கழிவே பல நேரம் காரணம். இன்றும் நம் ஊரில் 'ரெண்டு பாட்டில் ரெத்தம் ஏத்துனாங்க' என்றுதான் சொல்கிறோம். புட்டி போய் எவ்வளவோ காலமாயிற்று. பிளாஸ்டிக் பையை இந்தியாவிலேயே செய்ய வழி கண்டது திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம். அந்தத் தொழில்நுட்பத்தை வாங்கி 1987-ல் பாலகோபால் தொடங்கிய பென்போல் கம்பெனி அதே ஊரில் தொழிற்சாலை கட்டியது. இறக்குமதிப் பைக்கு ஏங்கிய நாடு ஏற்றுமதி செய்யும் நிலைக்கு வந்தது. பையில்லாமல் ரத்தத்தைச் சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு என்று எளிதில் பிரிக்க முடியாது. ஒருவர் கொடுப்பது இரண்டு மூன்று பேருக்குப் பயன்படுவது இந்தப் பையால்தான்.

பை வந்தது, பையில் இருப்பதைப் பற்றிய கவலையும் வந்தது. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டார்கள். மாதிரிகள் சோதிக்கப்பட்டது வேலூரில். அன்று நாட்டில் ஏற்றிய ரத்தத்தில் கணிசமான பங்கு விலைக்கு வாங்கியது. பசிக்கு ரத்தம் விற்றவர், மாதத்தில் பலமுறை விற்றவர், நோயை மறைத்து விற்றவர் எல்லாருடைய ரத்தமும் ஓடியது. 'காமன் காஸ்' வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரி 4-ல் தீர்ப்பளித்து இந்த வியாபாரத்துக்கு முடிவு கட்டியது. 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் கொடுப்பது சட்டப்படி தடை. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, மஞ்சள் காமாலை சி, சிபிலிஸ், மலேரியா என்று ஐந்து சோதனைகள் கட்டாயமாயின.

சட்டம் இருந்தும் சாத்தூர் நடந்தது. 2018 டிசம்பரில், சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தசோகைக்காக ரத்தம் ஏற்றப்பட்ட கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றியது தெரியவந்தது. ரத்தம் சிவகாசி அரசு ரத்த வங்கியிலிருந்து போனது. கொடுத்த இளைஞர் வேறொரு வேலைக்காகச் செய்த சோதனையில் தன் நோயை அறிந்து, தானே ஓடிவந்து சொன்னார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. அந்த இளைஞர் விஷம் குடித்து இறந்தார். சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. பொறுப்பில் இருந்தவர்களில் யாரும் செய்யாததை அந்த இளைஞர் செய்தார் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கிருமியைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம். அறுவை அறையில் உடனே ஆளைக் கொல்லக்கூடியது வேறு: ஒருவருக்கான பை இன்னொருவருக்கு ஏறிவிடுவது. நம் கடற்கரை ஊர்களில் புனிதர் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். ஒரே வார்டில் இரண்டு மேரி, இரண்டு சேவியர். உள்நாட்டுப் பக்கம் போனால் இரண்டு செல்லம்மாள். தகப்பன் பெயரும் ஒத்துப்போவது உண்டு. செவிலியர் வந்து 'மேரி தானே?' என்று கேட்டால் மயக்க மருந்தின் கிறக்கத்தில் இருப்பவர் 'ம்' என்பார். எனவே முறை என்னவென்றால், 'உங்க பேரென்னம்மா, எந்த ஊரு?' என்று கேட்டு அவர் வாயால் சொல்லவைப்பது. சோதனைக்கு ரத்தம் எடுக்கும்போதே, கட்டிலருகில் நின்றபடியே, குழாயில் பெயரும் நோயாளி எண்ணும் எழுதுவது. நான்கு பேரிடம் எடுத்துக்கொண்டு மேசைக்குப் போய் எழுதினால் தப்பு அங்கேதான் பிறக்கிறது. ஏற்றுமுன் இருவர் நின்று, ஒருவர் பையின் லேபிளை வாசிக்க, மற்றவர் கைப்பட்டையிலும் கேஸ் ஷீட்டிலும் ஒத்துப் பார்ப்பது.

ஏ வகைக்காரருக்கு பி வகை ஏறிவிட்டால் சில மில்லிலிட்டரிலேயே உடம்பு எதிர்க்கும். விழித்திருப்பவர் முதுகு வலிக்கிறது, குளிருகிறது, என்னமோ செய்கிறது என்று சொல்வார். முதல் பதினைந்து நிமிடம் செவிலியர் கட்டிலை விட்டு நகரக்கூடாது என்பது அதனால்தான். அறுவை மேசையில் கிடப்பவரால் சொல்ல முடியாது. ரத்த அழுத்தம் காரணமின்றி இறங்கும். கட்டி முடித்த இடங்களிலும் தையல் ஓரங்களிலும் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். சிறுநீர்ப் பையில் இறங்கும் நீர் கட்டன்சாயா நிறத்துக்கு மாறும். மயக்க மருத்துவர் இதைக் கண்டவுடன் பையை நிறுத்தி, குழாயையே மாற்றி, உப்புநீரை ஓடவிட்டு, பையையும் புது மாதிரியையும் ரத்த வங்கிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். தவறினால் சிறுநீரகம் போகும். இத்தகைய கேடுகளைப் பதிவு செய்யவென்றே 2012 டிசம்பரில் இந்தியாவில் தேசியத் திட்டம் ஒன்று தொடங்கியது. பதிவு செய்கிறவரைக் குற்றவாளியாக்கும் இடத்தில் அந்தத் திட்டம் நிற்காது. இதை நிர்வாகங்கள் இன்னும் முழுதாக உணரவில்லை என்பது என் கருத்து.

இன்னொரு திருப்பமும் நடந்திருக்கிறது. கொடுக்க ரத்தம் தாராளமாக வந்தபின், எவ்வளவு குறைவாகக் கொடுக்கலாம் என்று மருத்துவம் கேட்கத் தொடங்கியது. 1999-ல் வெளியான கனடா நாட்டு ஆய்வு ஒன்று, தீவிர சிகிச்சையில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால்தான் ரத்தம் தேவை, 10 வரும்வரை ஏற்றிக்கொண்டிருக்க வேண்டாம் என்று காட்டியது. 'தெம்புக்கு ஒரு பாட்டில்' என்று கேட்டு வாங்கிய பழக்கத்துக்கு அன்றோடு நியாயம் போய்விட்டது. ஃபெல்ஸும் சாமர்வெல்லும் வழியில்லாமல் செய்ததை, அதாவது சிந்தாமல் அறுப்பதை, இன்றைய மருத்துவர் தெரிந்தே செய்கிறார். குழாயைச் சுட்டு மூடும் மின்கருவியும் ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரனெக்சாமிக் அமிலமும் அவருக்குக் கூடுதலாக உண்டு.

உங்கள் வீட்டில் யாருக்காவது நாள் குறித்துச் செய்யும் அறுவை இருந்தால் ஒரு மாதம் முன்னாலேயே ஹீமோகுளோபின் பாருங்கள். குறைந்திருந்தால் பூச்சி மருந்தும் இரும்புச்சத்தும் மருத்துவர் சொல்படி கொடுத்து ஏற்றிவிடலாம். ரத்தம் ஏற்றப்போகும்போது கூட நிற்பவர் வாயை மூடிக்கொண்டு நிற்கவேண்டாம்: பையில் உள்ள பெயரையும் வகையையும் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நல்ல செவிலியர் கோபித்துக்கொள்ள மாட்டார். 18 வயது தாண்டி, 45 கிலோ எடையும் 12.5 ஹீமோகுளோபினும் இருக்கிறவர்கள், உறவினருக்கு அவசரம் வரும்வரை காத்திருக்காமல் ஆசாரிப்பள்ளத்துக்குப் போய்க் கொடுத்துவிட்டு வரலாம். ஆண்களுக்கு மூன்று மாதம், பெண்களுக்கு நான்கு மாதம் இடைவெளி.

அந்த ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆவதற்குமுன் காசநோய் ஆஸ்பத்திரியாக இருந்தது. நாகர்கோவிலுக்குக் காசநோய் மருத்துவமனை கொண்டுவந்த டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸின் கதை அடுத்த இதழில்.